உங்கள் சாமி என்ன சொன்னார்?

கேளுங்கள் ஐயா, கேளுங்கள் அம்மா, பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

முத்து விளைந்த ஒரு கடலோரத்தில், கப்பல்கள் பாய் விரித்து வந்த காலத்தில், செம்பராயன் என்றொரு ராசா இருந்தான். நல்லவனா என்றால் நல்லவன்தான். கெட்டவனா என்றால், வரி வாங்கும் மாதங்களில் மட்டும் கெட்டவன். ஆனால் ஒரு குணம் அவனிடம் எல்லா மாதமும் இருந்தது. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பான். கரையேறி முட்டையிடும் ஆமை ஏன் திரும்பிப் பார்க்காமல் போகிறது என்று கேட்டு, மீன்பிடிக்கிறவர்களை ஒரு பகல் முழுக்கத் தொழிலுக்குப் போகவிடாமல் நிறுத்தி வைத்தவன் அவன்.

அவன் நாட்டில் நெடுங்கரை என்றொரு ஊர். ஊர் முழுக்கச் சேசு சாமியைக் கும்பிடுகிறவர்கள். ஆண்கள் கடலுக்கு அடியில் மூழ்கி முத்துச்சிப்பி எடுப்பார்கள். பெண்கள் சிப்பி உடைப்பார்கள், மீன் காயப்போடுவார்கள். அலை எட்டாத ஒரு மேட்டில் அவர்களுக்குப் பனையோலை வேய்ந்த கோவில் ஒன்று இருந்தது. குருவானவர் எப்போதாவது ஒருமுறை கப்பலேறி வருவார். மற்ற நாளெல்லாம் தொம்மை உபதேசியார்தான் முன்னே நின்று செபம் சொல்லுவார்.

அந்த ஊர்ச் செபத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அலைச் சத்தத்தை மீற வேண்டுமே என்று ஊரே தொண்டை கிழியச் சொல்லும். ஆண்டவரே, நல்ல சிப்பி தாரும். ஆண்டவரே, சுறாவை விலக்கும். ஆண்டவரே, காற்றைக் கட்டிப் போடும். கடைசியில் 'ஆமென்' என்று ஒரு முழக்கம். அவ்வளவுதான், மறு கணம் கோவில் காலி. எல்லோரும் படகுக்கு ஓடுவார்கள். முதலில் போகிற படகுக்குத்தான் நல்ல சிப்பிப் பாறை கிடைக்கும். ஆமென் என்றால் ஓடு என்று அர்த்தம் என்றே அந்த ஊர்ப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தன.

ஒரு கோடையில் ராசாவின் உப்பளத்தில் உப்பு மலை மலையாக விளைந்தது. கோடை மழை ஒன்று பெய்தால் அத்தனையும் கரைந்துவிடும். உப்பை ஏற்றி வைக்க மேடான இடம் வேண்டும். மந்திரி அம்பலவாணர் கரையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கோவில் மேட்டைக் காட்டினார். பார்த்துவிடலாம் என்று ராசாவும் ஒரு விடியலில் வந்து நின்றான்.

உள்ளே முழக்கம் கேட்டது. முழக்கம் முடிந்தது. கதவு வழியே ஊரே தலைதெறிக்க ஓடி வந்தது. ராசா மிரண்டுபோய் ஓரம் ஒதுங்கினான். கடைசியாக ஓடி வந்த உபதேசியாரைக் கைகாட்டி நிறுத்தினான்.

"உள்ளே ஏதும் தீப்பிடித்துவிட்டதா ஐயா?"

"இல்ல மகாராசா. செபம் முடிஞ்சிது."

"செபம் என்றால்?"

"சாமிகிட்டப் பேசுறது மகாராசா."

"நல்ல காரியம். அவர் என்ன சொன்னார்?"

தகப்பன் காலத்திலிருந்து செபம் சொல்லுகிற குடும்பம் உபதேசியாருடையது. இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

ராசாவுக்கு உப்புகூட மறந்துவிட்டது. "நான் ஒன்று சொல்கிறேன்" என்றான். "இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடமானால் அது ஒரு சபை. அதை நான் தொட மாட்டேன். ஒருவர் மட்டுமே பேசுவதானால் அதைக் கடலைப் பார்த்து நின்றும் பேசலாம், அதற்கு மேடு வேண்டியதில்லை. அடுத்த பௌர்ணமிக்குள் யாராவது அரண்மனைக்கு வந்து, உங்கள் சாமி என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லுங்கள். சொன்னால் கோவில் உங்களுக்கு. இல்லாவிட்டால் மேடு எனக்கு."

ஊர் கூடியது. யார் போவது?

முதலில் உபதேசியாரே போனார். ராசா முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு, காலைச் செபம், மாலைச் செபம், புயல் நேரத்துச் செபம் எல்லாவற்றையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். ராசா பொறுமையாகக் கேட்டான்.

"அழகாக இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் நீர் சொன்னவை. அவர் சொன்னது எங்கே?"

உபதேசியார் திரும்பி வந்தார்.

அடுத்து, படகுகளுக்குச் சொந்தக்காரரான சந்தியாகு சம்மாட்டி போனார். பட்டுத் துணியில் முடிந்து கொண்டுபோன ஒரு பெரிய முத்தை அவிழ்த்துக் காட்டினார். "போன வருசம் செபம் பண்ணினோம், இது கெடச்சிது. இதுதான் மகாராசா சாமி சொன்ன பதில்."

ராசா முத்தை உருட்டிப் பார்த்தான். "இது கொடுத்தது. நான் கேட்டது சொன்னதை. என் யானைக்கும்தான் தினமும் கரும்பு கொடுக்கிறேன். அதனோடு நான் பேசுகிறேன் என்று யாராவது சொல்வார்களா?"

சம்மாட்டியும் திரும்பி வந்தார். முத்தைத் திரும்பக் கொண்டுவந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மூன்றாவதாகப் போக ஆளில்லை. அப்போது மீன் காயப்போடுகிற செலஸ்தீனாள் என்பவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நாம எல்லாரும் ஆமென் சொன்னதும் ஓடுதோம். பிரகாசி மட்டும் உள்ளேயே குத்த வச்சிருக்கா. ஏட்டி பிரகாசி, நாங்க போன பொறவு உள்ள என்ன பண்ணுத? பாய் பின்னுதியா?"

"எங்களுக்கு ஓடிப்போய் ஏற என்ன படகு காத்துக்கெடக்கு?" என்றாள் பிரகாசி.

அவள் கதை எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன்.

கடலுக்கு அடியில் போகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனையைப் படகில் ஒருவன் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் இழுத்தால், என்னைத் தூக்கு என்று அர்த்தம். மேலே இருப்பவன் இழுத்தால், ஆபத்து, உடனே வா என்று அர்த்தம். அந்தக் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? அதனால்தான் நெடுங்கரையில் அதற்கு மச்சான் கயிறு என்று பெயர்.

பிரகாசியின் புருசன் லொஞ்சினுக்குக் கயிறு பிடித்தவன் அவளுடைய அண்ணன் இஞ்ஞாசி. ஒருநாள் லொஞ்சின் அடியில் ஒரு பெரிய சிப்பிக் குவியலைக் கண்டு கை வைக்கிற நேரத்தில், மேலேயிருந்து கயிறு வெட்டி இழுத்தது. வெறுங்கையோடு மேலே வந்தான். "சுறா நெழல் தெரிஞ்சிது மச்சான்" என்றான் இஞ்ஞாசி. சுறாவை வேறு யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அந்தக் குவியலை வேறு படகு அள்ளிக்கொண்டு போனது.

லொஞ்சின் முணுமுணுத்ததோடு விட்டுவிட்டான். பிரகாசி விடவில்லை. கரை முழுக்க ஆள் நிற்கும்போது அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "கயிறு பிடிக்கத் தெரியாதவன்."

அந்தக் கரையில் ஒரு ஆணைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது. இஞ்ஞாசி கயிற்றைச் சுருட்டித் தங்கையின் காலடியில் வைத்துவிட்டுப் போனான். அதோடு லொஞ்சின் கடலுக்குப் போவது நின்றது. வேறு ஆள் கயிறு பிடிக்க ஊர் சம்மதிக்காது. முத்துக் காலமெல்லாம் அவன் கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையைத் தைத்தான். வீட்டில் கஞ்சி தண்ணியாகிக்கொண்டே வந்தது.

"ஆமென் சொன்ன பொறவு உள்ள இருந்தா ஒனக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றார் உபதேசியார்.

பிரகாசி தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்டிச்சு. அதனாலதான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

அவளை அரண்மனைக்கு அனுப்பினார்கள்.

ராசா சிம்மாசனத்தின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தான். "சொல்லம்மா. நீ என்ன சொன்னாய், அவர் என்ன சொன்னார்?"

"எங்கண்ணனுக்குப் புத்தி குடும் சாமி, அவன் என் வாசல்ல வந்து நின்னு மன்னிப்புக் கேக்கணும்னு சொன்னேன் மகாராசா."

"அவர்?"

"அவன் யாருக்காகக் கயித்த இழுத்தான்னு கேட்டாரு."

அவளே தொடர்ந்தாள். "மொதல் நாளு கேக்காத மாதிரி எந்திரிச்சுப் போயிட்டேன். அடுத்த நாளு அத அமுக்கணும்னு சத்தமா மாதா மந்திரம் சொன்னேன். அதுக்கடுத்த நாளும் அதே கேள்வி. எங்க ஊர்ல கயிறு பிடிக்கிறது பொண்டாட்டியோட அண்ணன். அவன் இழுத்தது நான் தாலியோட இருக்கணும்னுதான். சுறா இருந்துச்சோ இல்லியோ, அவன் பயந்தது எனக்காக."

"எந்தக் குரலில் கேட்டார்? இடி போலவா, குழல் போலவா?"

"கொரல்னு சொல்ல மாட்டேன். கடலுக்கு அடியில இருக்கவனுக்கு மேல இருக்கவன் கொரல் எப்படிக் கேக்கும்? கயிறு அசையும். அத அசைச்சது நாம இல்லன்னு கைக்குத் தெரியும். அதுவும் கீழ இருக்கவனே இழுத்துக்கிட்டே கெடந்தா தெரியாது. கொஞ்சம் சும்மா இருந்தாத்தான் தெரியும்."

மந்திரி அம்பலவாணர் குறுக்கிட்டார். "இவள் மனசுதான் இவளோடு பேசியிருக்கிறது மகாராசா. வேறொன்றுமில்லை."

பிரகாசி மந்திரியைத் திரும்பிப் பார்த்தாள். "என் மனச எனக்குத் தெரியாதா ஐயா? அது என்னைக்கும் என் பக்கம்தான் பேசும். எங்கண்ணனத் திட்டத் திட்ட எடுத்துக்குடுத்தது அதுதானே?"

ராசா சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் அடுத்த கேள்வி வந்தது. "சரி. நீ அண்ணன் வீட்டுக்குப் போனாயா?"

பிரகாசியின் முகம் வாடியது. "இல்ல."

"அப்படியானால் பேச்சு இன்னும் முடியவில்லையே! அவர் கேட்டுவிட்டார். பதில் உன்னிடம் நிற்கிறது. கேள்வி கேட்டவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு இங்கே வந்து கதை சொல்லிக்கொண்டிருக்கிறாய். போய்ப் பதில் சொல்லிவிட்டு வா. பௌர்ணமி வரை பொறுக்கிறேன்."

அவள் ஊருக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. கோவில் பிழைக்க வேண்டுமானால் பிரகாசி அண்ணன் வீட்டுப் படியேற வேண்டும். ஊரே அவளை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. உபதேசியார் ஒரு பக்கம், சம்மாட்டி ஒரு பக்கம், செலஸ்தீனாள் பின்னால்.

இஞ்ஞாசி வாசலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். கூட்டத்தைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், மறுபடியும் கருவாட்டைப் பார்த்தான்.

"அண்ணே..." என்றாள் பிரகாசி.

"ராசாவுக்கு உப்பு வைக்க எடம் இல்லாமப் போன பொறவுதான் ஒனக்கு அண்ணன் நெனப்பு வந்திச்சோ? ஒன்னு மட்டும் சொல்லு. கோவிலக் காப்பாத்த வந்தியா, என்னப் பாக்க வந்தியா?"

அவன் சொன்னது உண்மை. ஊர் தள்ளியிராவிட்டால் அன்றைக்கு அவள் வந்திருக்க மாட்டாள். திரும்பி நடந்தாள்.

"கால்ல விழுந்திருக்கலாம்லா!" என்றாள் செலஸ்தீனாள்.

சம்மாட்டி பிரகாசியை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு தாயி. ராசா இருக்கது அரமனையில. நடந்தது இங்க. போனேன், சமாதானம் ஆயிட்டோம்னு சொல்லிரு. பொறவு பாத்துக்கிடலாம். கோவிலுக்காகச் சொல்லுற பொய்தானே?"

பிரகாசி பௌர்ணமியன்று ராசா முன் நின்றாள். ஊரே வாசலில் காத்திருந்தது.

"போனாயா?"

"போனேன் மகாராசா. ஆனா கோவிலுக்காகப் போனேன். அவரு என்கிட்டக் கேட்டது அதுக்காக இல்ல. அதனால போனதாக் கணக்கில்ல."

ராசாவுக்கு வருத்தம்தான். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. "அப்படியானால் மேடு எனக்கு" என்றான்.

அன்றைக்கே ஆட்கள் வந்தார்கள். ஓலையைப் பிரித்தார்கள். கோவில் நான்கு மண்சுவராக வானத்தைப் பார்த்து நின்றது. ஊர் பிரகாசியோடு பேசுவதை நிறுத்தியது. கிணற்றடியில் அவள் குடத்தை வைத்ததும் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சம்மாட்டி அவள் வீட்டுப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினார். உபதேசியார் துப்பவில்லை, ஆனால் வழியை மாற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பிரகாசி, அண்ணன் வைத்துவிட்டுப் போன கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?" என்றான் லொஞ்சின்.

"ஒரு பதில் பாக்கி இருக்கு."

அன்று அவளை யாரும் தள்ளிக்கொண்டு போகவில்லை. இஞ்ஞாசியின் வாசலில் தனியாகப் போய் நின்றாள்.

"கோவில் போயிட்டுண்ணே" என்றாள். "இப்ப வந்திருக்கேன்."

இஞ்ஞாசி நிமிர்ந்தான். அவள் அத்தோடு நிற்கவில்லை. அங்கிருந்து நேரே கரைக்கு நடந்தாள். முன்பு எந்த இடத்தில் நின்று சொன்னாளோ அங்கேயே நின்று, படகு தள்ளுகிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்: "எங்கண்ணன் கயிறு பிடிக்கத் தெரிஞ்சவன். நான் சொன்னதுதான் பொய். அவன் இழுத்ததுனாலதான் நான் இன்னைக்கும் தாலியோட நிக்குதேன்."

அவள் பின்னாலேயே வேகமாக வந்த இஞ்ஞாசிக்குக் கூச்சம் தாங்கவில்லை. "போதும்ட்டி, ஊரக் கூட்டாத" என்று அதட்டினான். அதட்டிவிட்டு அவள் தோளிலிருந்த கயிற்றை வாங்கி முறுக்குப் பார்த்தான். "எவ்வளவு நாளு வெயில்ல போட்டு வச்சிருந்த? கயிறா இது? சரி, ஒம் புருசன எங்க? வலையத் தச்சது போதும்னு சொல்லு."

அன்று உப்பேற்றும் இடத்தைப் பார்க்க வந்த செம்பராயன் மேட்டில் நின்று கடலைப் பார்த்தான். ஒரு படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி, கண் இமைக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் அது?"

"அந்தப் பொம்பளையோட அண்ணன் மகாராசா" என்றான் ஓலை பிரித்த ஆள். "காலையில அவளே போய், தான் சொன்னதுதான் பொய்னு கரையில அத்தன பேர் முன்னாலயும் சொல்லிக் கூட்டிட்டு வந்தா."

"காலையிலா? கோவில் போன பிறகா?"

"ஆமா மகாராசா."

ராசா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்து மனிதர்கள் ஆதாயத்துக்காகப் பணிவார்கள், பயத்துக்காகப் பணிவார்கள், பெருமைக்காகவும் பணிவார்கள். இவளுக்கு ஆதாயம் நேற்றே போய்விட்டது. பயப்பட இனி ஒன்றுமில்லை. பெருமையை அவளே கரையில் கொட்டிவிட்டாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் கோவில் கிடைத்திருக்கும், அதையும் சொல்லவில்லை. அப்படியானால் அவளை எழுப்பி அனுப்பியது யார்?

அவன் மந்திரியிடம் திரும்பினான். "ஓலையைத் திரும்ப வேயச் சொல்லும். புது ஓலை. இங்கே இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப்போட்டு, கூரையில்லாத அந்த நான்கு சுவருக்குள் தனியாகப் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மந்திரி பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. வாசலில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"மகாராசா, மழை வருகிறது. உப்பை எங்கே வைப்பது?"

ராசா திரும்பாமலே கையை உயர்த்தினான். "சத்தம் போடாதீர். ஒருவரிடம் ஒன்று கேட்டிருக்கிறேன்."

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: நம் தேவையைக் கடவுளிடம் சொல்வது செபத்தில் பாதிதான், அவர் சொல்வதற்கு அமைதியாகக் காத்திருந்து, அது நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் எழுந்து போய்ச் செய்வதே மற்றப் பாதி.